ஞாயிற்றுக்கிழமைக்கு அடித்த போஸ்டர்

கடலூர் முதுநகரில் ஒருவர் கண்ணை மூடினால் முதலில் டாக்டருக்குத் தெரியும், இரண்டாவதாகக் கதிர்வேலுக்குத் தெரியும். சொந்தபந்தத்துக்கெல்லாம் அதற்கப்புறம்தான். ஜங்ஷனுக்குப் போகிற தெருவில் வீட்டு முன்னறையையே கடையாக்கி, ஒரு கம்ப்யூட்டரையும் நாலு பிளாஸ்டிக் நாற்காலிகளையும் போட்டுக்கொண்டு, இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் தயார் செய்கிறான். கல்யாணம், காதுகுத்து, கட்சிக்காரர் பிறந்தநாள் எல்லாம்கூடச் செய்வான். ஆனால் அவன் பேர் வாங்கியது சாவில்தான்.

அந்தப் பேர் சும்மா வந்துவிடவில்லை. ரேஷன் கார்டில் இருக்கிற ஸ்டாம்பு அளவுப் படத்தை நீட்டி, ஆளுயரத்துக்கு வேண்டும் என்று கேட்பார்கள். கதிர்வேல் முகத்தைத் தெளிவாக்கி, தலையை வாரிவிட்டு, ஆயுசு முழுக்கச் சட்டைப் பொத்தானைக்கூட ஒழுங்காகப் போட்டறியாத மனிதருக்கும் ஒரு நீலக் கோட்டு மாட்டிவிடுவான். அழுதுகொண்டே வந்தவர்கள் அதைப் பார்த்ததும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். எங்கப்பா இவ்வளவு லட்சணமா என்று ஒரு பெண் வாய்விட்டே கேட்டாள். கீழே பேர் போடுகிற சண்டையையும் அவன்தான் தீர்த்துவைக்க வேண்டும். ஒரு தடவை யாரையும் பகைத்துக்கொள்ள மனசில்லாமல் ஒரே போஸ்டரில் நாற்பத்து மூன்று பேரைப் போட்டான், செத்தவருக்கு இடம் போதவில்லை. 'முடியாது' என்ற சொல் மட்டும் அவன் வாயில் வராது. அவனிடம் இருந்த நல்லதும் கெட்டதும் அது ஒன்றுதான்.

வீட்டிலும் அப்படியே. மனைவி எழிலரசி அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள், எட்டரைக்குப் போனால் நாலு மணிக்கு வருவாள். ஒரே மகள் சென்னையில் படிக்கிறாள். அதனால் எழிலரசியின் அப்பா ஞானசேகரன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டபோது, அவரைப் பார்த்துக்கொள்கிற வேலை வீட்டோடு கடை வைத்திருக்கிற மருமகன் தலையில் விழுந்தது. விழுந்தது என்று தெருவில்தான் சொன்னார்கள். அவன் சொன்னதில்லை.

பதினாலு மாதம். படுக்கைப்புண் வரக்கூடாது என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் மாமனாரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அதற்குப் போனில் அலாரம் வைத்திருந்தான். யாராவது கடையில் உட்கார்ந்து கதறிக்கொண்டிருக்கும்போது அலாரம் அடிக்கும். ஒரு நிமிஷம் இருங்கண்ணே என்று உள்ளே போய், மாமாவைப் புரட்டி, முதுகில் பவுடர் தட்டி, கையைக் கழுவிவிட்டு வந்து, சொல்லுங்க, எத்தனை பேரப்பிள்ளைங்க என்று விட்ட இடத்திலிருந்து தொடங்குவான். மூத்திரச் சட்டி எடுப்பது, ஈரத்துணியால் உடம்பு துடைப்பது, நகம் வெட்டுவது எல்லாம் அவன் கைதான். சொந்த மகனே இப்படிச் செய்ய மாட்டான் என்று ஊர் சொன்னது. அந்தப் பேச்சு மட்டும் அவனுக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால் சொந்த மகன் ஒருவன் இருந்தான்.

ஞானசேகரனுக்கு எண்பத்தொரு வயசு. கடலூர் - சிதம்பரம் தடத்தில் இருபத்தொன்பது வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று அந்த ரோட்டில் யார் எந்த நிறுத்தத்தில் கையைக் காட்டுவார்கள், யாருக்குப் பல் வலி, யார் வீட்டில் பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பது வரைக்கும் அவருக்கு அத்துப்படி. ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடித்ததில்லை. அப்படித் தினமும் ஆயிரம் முகம் பார்த்த மனுஷருக்குக் கட்டிலில் விழுந்தபிறகு பார்க்கக் கிடைத்தது ஒரு ஃபேன். முதல் இரண்டு மாதம் ஆரஞ்சும் பிஸ்கட்டுமாக ஆட்கள் வந்தார்கள். அப்புறம் ஒருவரும் வரவில்லை.

மூன்று வாரமாகச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். இரண்டு வாய்க் கஞ்சியோடு உதட்டை இறுக்கிக்கொள்வார். வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர், உடம்பில் புதிதாக ஒரு கோளாறும் இல்லை, மனசு விட்டுப்போச்சு என்றார். ஞானசேகரன் தினமும் ஒன்றையேதான் சொன்னார். "என்னை அனுப்பி வச்சிடு மாப்ள. உனக்கும் எழிலுக்கும் எவ்ளோ நாளைக்குப் பாரம்?" கதிர்வேல் கஞ்சி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, அது ஆறிப்போகிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான்.

பிப்ரவரி இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, திட்டக்குடியிலிருந்து அன்பரசு வந்தான். அவன்தான் அந்தச் சொந்த மகன், எழிலரசிக்கு அண்ணன், உரக்கடை வைத்திருக்கிறான். இரண்டு மாதத்துக்கு ஒருதரம் வருவான். கை நிறையப் பழம் வாங்கி வருவான், மருத்துவச் செலவில் பாதியைக் கேட்காமலே கொடுப்பான். ஆனால் அறை வாசலோடு நின்றுவிடுவான். அப்பாவை இப்படிப் பார்க்க முடியவில்லை என்பான். சின்ன வயசில் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து பானட்டில் உட்கார்ந்து அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டு சிதம்பரம் வரைக்கும் போனவன். அந்தக் கை போர்வைக்கு மேலே கிடப்பதைப் பார்க்கிற தெம்பு அவனுக்கு இல்லை. அன்றும் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னான்.

தெற்குப் பக்கத்து வியாபாரி ஒருவர் சொன்னாராம். அவுங்க ஊரில் வயசானவர்கள் இழுத்துக்கொண்டு கிடந்தால், தலை நிறைய எண்ணெய் வைத்து, விடியற்காலையில் குளிப்பாட்டி, வயிறு முட்ட இளநீர் கொடுத்துவிடுவார்களாம். இரண்டொரு நாளில் நிம்மதியாக முடிந்துவிடுமாம். காலங்காலமாக நடக்கிறதாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை வேன் கொண்டுவந்து அப்பாவைத் திட்டக்குடிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்றான்.

எழிலரசி கையிலிருந்த தட்டை நங்கென்று வைத்தாள். அதுக்குப் பேர் கொலை என்றாள். அன்பரசுவுக்கு முகம் செத்துப்போனது. நான் மட்டும் சந்தோஷமாவா சொல்றேன் என்று அவனும் குரலை உயர்த்தினான். அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து ஞானசேகரனின் குரல் வந்தது.

"அன்பு, யார்றா ஊத்துவாங்க?"

அன்பரசு, "மகன்தான் செய்யணுமாம்பா. நாந்தான்" என்றான்.

"அப்போ சரி. அண்ணன் சொல்றபடி நடக்கட்டும் எழிலு."

எழிலரசி சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதிர்வேலுக்கு நெஞ்சு முழுக்க ஒரே சொல்தான் இருந்தது. அது தொண்டை வரை வந்தது. ஆனால் மாமனாரே ஒத்துக்கொண்டார், மச்சான் மூத்தவன், நீ யார்றா நடுவில் என்று ஏதோ ஒன்று அதைப் பிடித்து இழுத்து உள்ளே தள்ளியது. சரி மச்சான் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேன் வரும் நேரம் காலை நாலரை என்று அன்பரசு சொல்லிவிட்டுப் போனதைக் கேட்டுக்கொண்டு நின்றான். அந்த வாரம் முழுக்க அவன் தன்னையே திட்டிக்கொண்டான். சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுவேன் என்று திங்கட்கிழமை நினைத்தான், செவ்வாய்க்கிழமையும் நினைத்தான்.

புதன்கிழமை மத்தியானம் ஞானசேகரன் அவனைக் கூப்பிட்டு, "ஊருக்கெல்லாம் அடிக்கிற. எனக்கு என்னா மாதிரி அடிப்பன்னு பாத்துட்டுப் போறேனே" என்றார்.

இதற்கும் அவனுக்கு முடியாது என்று சொல்ல வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான். பழக்கதோஷத்தில் கோட்டு மாட்டிவிட்டான். போனில் எடுத்துப்போய்க் காட்டியதும் மாமனாருக்குக் கோபம் வந்தது. மூன்று வாரத்தில் அவருக்கு வந்த முதல் கோபம். எனக்கு எதுக்குடா கோட்டு, காக்கிச் சட்டையில போடு என்றார். பழைய பெட்டியிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரிக்கிற படம் ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டான். பேருக்குக் கீழே 'விபத்தில்லா ஓட்டுநர்' என்று வர வேண்டும் என்றார், போட்டான். தோற்றம் என்ற இடத்தில் தேதி இருக்கிறதே, மறைவு என்ற இடம் ஏன் காலி என்று கேட்டார். "ஞாயித்துக்கிழமை என்னா தேதி? ஒம்பதா? அதைப் போடு. டைம் எழுதாத போர்டு எனக்குப் பிடிக்காது." கதிர்வேல் ஒன்பது என்று தட்டினான்.

இங்கே அவன் தொழிலில் உள்ள ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மஞ்சக்குப்பத்தில் பாலகுமார் என்பவருடைய அச்சகம். கதிர்வேல் செய்கிற எல்லாமே அங்கேதான் அச்சாகும். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வாட்ஸ்அப் குரூப். கம்ப்யூட்டரிலிருந்து கதிர்வேல் அதில் படத்தைப் போடுவான், போனில் திறந்து வீட்டுக்காரரிடம் காட்டிப் பிழை பார்ப்பான். 'வெயிட்' என்று எழுதியிருந்தால் பாலகுமார் காத்திருப்பார். அந்தப் படத்துக்குச் சரி என்று கட்டைவிரல் குறி விழுந்தால் அச்சு ஏற்றிவிடுவார், போன் செய்து கேட்க மாட்டார். துக்க வீட்டில் தொணதொணவென்று பேசக்கூடாது என்பதற்காக இரண்டு பேருமாகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. பத்து வருஷத்தில் ஒரு தப்பும் நடந்ததில்லை.

காக்கிச் சட்டை போட்ட படத்தையும் அப்படித்தான் குரூப்பில் போட்டு, வெயிட் என்று எழுதி, போனை மாமனார் கையில் கொடுத்தான். அந்த நேரம் பார்த்துக் கடைக்கு ஆள் வந்தது. அவன் எழுந்து போனான். ஞானசேகரன் தன் படத்தையே வெகுநேரம் பார்த்தார். பேத்தி சென்னையிலிருந்து அனுப்புகிற படங்களுக்கெல்லாம் என்ன செய்வாரோ, அதையே செய்தார். ஒரு கட்டைவிரல் போட்டார்.

மஞ்சக்குப்பத்தில் பாலகுமார் அதைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். சின்னப் பையனாக அந்த பஸ்ஸில் போனவர்தான் அவரும். ஐயோ, பாவம் கதிர்வேல், சொல்லக்கூட வாய் வராமல் விரலை மட்டும் போட்டிருக்கிறானே என்று உருகிப்போய், நூறு அடிக்கிற இடத்தில் முந்நூறு அடித்தார். நல்ல தாள். போஸ்டர் ஒட்டுகிறவரைக் கூப்பிட்டு, டிரைவர் ஓட்டின ரூட் முழுக்க, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒட்டிவிட்டு வா என்று அனுப்பினார்.

வியாழக்கிழமை காலை பால் வாங்கப் போன கதிர்வேல், ரயில்வே கேட் சுவரில் மாமனார் ஸ்டியரிங்கோடு சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான். முதலில், வேலை சுத்தமாக வந்திருக்கிறதே என்றுதான் தோன்றியது. தொழில் புத்தி அப்படி. அடுத்த நொடியில் பால் பாத்திரம் கையைவிட்டுப் போய்விட்டது.

அவன் வீட்டுக்கு ஓடி வருவதற்குள் செல்லாயி வந்துவிட்டாள். மீன் விற்கிறவள், முப்பது வருஷம் காலை முதல் பஸ்ஸில் கூடையோடு போனவள். தெருமுனையிலேயே தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, என் சாமி போயிட்டியா என்று மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். வாசல் ஏறினதும் உள்ளேயிருந்து, "யாரு, செல்லாயியா? எதுக்கு இந்தச் சத்தம்? உள்ள வா" என்று குரல் வந்தது. செல்லாயி போட்ட கூச்சலில் தெருவில் தூங்கிக்கொண்டிருந்த மிச்சப் பேரும் எழுந்துவிட்டார்கள்.

விஷயத்தை விளக்கி முடிப்பதற்குள் அடுத்த ஆள், அதற்குள் அடுத்த ஆள். எழிலரசி வாசலில் நின்றுகொண்டு, அப்பா நல்லாத்தான் இருக்கார், அச்சகத்துல தவறிப்போச்சு என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். துக்கத்தில் மனசு கலங்கிப் பேசுகிறாள் என்று நினைத்து இரண்டு பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பணிமனையிலிருந்து ஓய்வுபெற்ற டிரைவர்கள் பெரிய மலர் வளையத்தோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். மாலைகள் குவிந்துகொண்டே போயின. உயிரோடு இருப்பவருக்குப் போட முடியாது, வீட்டுக்கு எடுத்துக்கொண்டும் போக முடியாது. எனக்குன்னு வாங்குனதுதானே, போட்டுட்டுத்தான் போங்களேன் என்று ஞானசேகரன் சொன்னார், எழிலரசி அடிக்க வந்துவிட்டாள். கடைசியில் எல்லாவற்றையும் சந்து ஓரமாக வைத்தார்கள், யாருடைய ஆடோ வந்து நிதானமாகத் தின்றது.

வந்தவர்களுக்கு ஒரு சங்கடம். துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்ட்டு வரேன் என்று சொல்லக்கூடாது. இது துக்க வீடா இல்லையா என்று யாருக்கும் புரியவில்லை. பலபேர் பழக்கத்தில் சத்தமில்லாமல் நழுவப் பார்த்தார்கள். ஞானசேகரன் கட்டிலில் இருந்தே ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, சொல்லிட்டுப் போ, இல்லன்னா எனக்குப் பயமா இருக்கு என்றார். எல்லோரும் திரும்பி வந்து, போய்ட்டு வரேன் டிரைவரே என்று சொல்லிவிட்டு, போகாமல் அங்கேயே உட்கார்ந்தார்கள்.

சாவுக்கு வந்தவர்கள் சாவுக்கு வந்தால் பேசுவதைத்தான் பேசுவார்கள். பிரசவ வலியில் துடித்த தன்னை ஏற்றிக்கொண்டு, நடுவில் எங்குமே நிறுத்தாமல் பஸ்ஸை ஆஸ்பத்திரி வாசலுக்கே கொண்டுபோய் விட்டதை ஒரு பெண் சொன்னாள். அன்று பிறந்தவன் பக்கத்தில் மீசையோடு நின்றான். மழையில் பரீட்சைக்கு நின்ற பிள்ளைகளுக்காகப் பின்னால் வந்த அதிகாரியின் ஜீப்பைக் காக்க வைத்ததை இன்னொருவர் சொன்னார். ஞானசேகரன் குறுக்கே குறுக்கே திருத்தினார். அது ஆலப்பாக்கம் இல்ல, புதுச்சத்திரம் என்றார். தனக்குப் பின்னால் பேசப்பட வேண்டியதை எல்லாம் முன்னாலேயே கேட்டுக்கொண்டு, தலையணையில் சாய்ந்து, முகம் சிவக்கச் சிரித்தார். கதிர்வேல் பதினாலு மாதமாகத் துடைத்துவிட்ட முகம்தான். அதில் இப்படி ஒரு சிரிப்பு இருந்ததை அவனே மறந்துபோயிருந்தான்.

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கத்தார்தான் சமைத்துக் கொண்டுவர வேண்டும். பக்கத்து வீட்டு ரேகா போஸ்டரைப் பார்த்த கையோடு வெண்பொங்கல் வைத்துவிட்டாள். வைத்ததை என்ன செய்வது, ஒரு குண்டான் பொங்கலையும் கொத்சுவையும் தூக்கிக்கொண்டு வந்தாள். நெய் மணம் அறைக்குள் வந்தது. ஞானசேகரன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எல்லாரும் திங்கறீங்க, எனக்குக் கிடையாதா?" என்றார். எழிலரசி ஓடிப்போய்த் தட்டு எடுத்தாள். கையும் காலும் ஓடவில்லை அவளுக்கு. முதல் வாய், இரண்டாவது வாய், மூன்றாவது வாய். உதடு மூடவில்லை. கதிர்வேல் கடை பக்கம் போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு அழுதான். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பத்து மணிக்கு அன்பரசு வந்தான். கடலூரிலிருந்து யாரோ போஸ்டரைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அவன் எழிலரசியின் போனை எடுக்கவேயில்லை, எடுக்கப் பயம். வண்டியிலிருந்து இறங்கியவனுக்கு நடக்க வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்று தேதி குறித்தவன், வியாழக்கிழமையே நடந்துவிட்டது என்றதும் தாங்க முடியாமல், அப்பா அப்பா என்று சின்னப் பிள்ளையைப் போலக் கத்திக்கொண்டு வந்தான். வாசலில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் வழிவிட்டார்கள். உள்ளே அப்பா கொத்சு இன்னும் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தார். அன்பரசு வழக்கம்போல அறை வாசலிலேயே நின்றான், நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

அவனுக்குப் பின்னாலேயே சிதம்பரத்திலிருந்து சிற்சபேசன் வந்தார். ஞானசேகரனோடு பதினெட்டு வருஷம் ஒரே பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், கீழவீதிக்காரர். நெற்றி நிறைய விபூதி, கையில் சுருட்டிய போஸ்டர் ஒன்று. பஸ் ஸ்டாண்டு சுவரிலிருந்து பசை காய்வதற்குள் உரித்து எடுத்து வந்திருக்கிறார். நண்பரை உயிரோடு பார்த்ததும் அவர் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து நண்பரின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் மடியில் போஸ்டரை விரித்தார். டிக்கெட் என்று எதைக் கொடுத்தாலும் தேதியை முதலில் பார்க்கிற மனுஷர் அவர்.

"எனக்கு வழியெல்லாம் ஒண்ணு புரியல. இன்னிக்கு ஆறாந்தேதி. இதுல மறைவு ஒம்பதாந்தேதின்னு இருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை. அது எப்படி?"

முந்நூறு போஸ்டரை எத்தனையோ பேர் பார்த்திருந்தார்கள். எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள், ஒருவரும் தேதியைப் படிக்கவில்லை. இப்போது அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்பரசு நிலையை விட்டுக் கையை எடுத்தான். "அது அச்சுப்பிழை மாமா" என்று சொல்லிவிட்டுக் கதிர்வேலைப் பார்த்தான். ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். மச்சானின் மானம் தப்பிக்கும். அச்சுப்பிழை என்றால் நம்பாதவர்கள் யாரும் இல்லை. கதிர்வேலுக்குத் தலையை ஆட்டித்தான் பழக்கம்.

கதிர்வேல் சொன்னான்.

"பிழை இல்லிங்க. அது நாங்க குறிச்ச நாளு. அன்னிக்கு மாமாவ அனுப்பி வச்சிடறதுன்னு பேசி முடிச்சோம். மச்சான் பேசுனாரு, நான் பேசாம இருந்தேன். ரெண்டும் ஒண்ணுதான். மச்சான், என்னால முடியாது. மாமாவ நான் அனுப்ப மாட்டேன். வேன் வந்தா நான் கதவத் தொறக்க மாட்டேன்."

செல்லாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்பரசுவின் முகத்தை யாராலும் பார்க்க முடியவில்லை.

"அப்பாதான் ஒத்துக்கிட்டாரு. அவரையே கேளுங்க. பழிய எம்மேல மட்டும் போடாதீங்க. அவர் கஷ்டப்படக் கூடாதுன்னுதான்…" என்றான் அன்பரசு.

எல்லோரும் ஞானசேகரனைப் பார்த்தார்கள். அவர் தட்டை எழிலரசியிடம் கொடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அன்பு சொல்றது நெசம். நாந்தான் ஒத்துக்கிட்டேன். அவன் மேல தப்பு இல்ல." மகனைப் பார்த்துத் திரும்பினார். "நீ குளிப்பாட்டறேன்னு சொன்னியேப்பா. பதினாலு மாசமா இந்தக் கட்டில் கிட்ட நீ வரல. ஒரு தரம்கூட என்னத் தொடல. சாவறதுக்காவது எம்புள்ள எம்மேல தண்ணி ஊத்துவான், தேய்ச்சு விடுவான்னு நெனச்சேன். அதுக்குத்தான்டா சரின்னேன்."

அன்பரசு வாசலைத் தாண்டி வந்தான். கட்டிலண்டை மண்டிபோட்டு அப்பாவின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதில் முகத்தை வைத்தான். ஞானசேகரன் இன்னொரு கையால் அவன் தலையைத் தடவினார். முடியெல்லாம் கொட்டிப்போச்சேடா என்று மட்டும் சொன்னார். அறையில் அழாதவர் யாரும் இல்லை. சிற்சபேசன்தான் முதலில் தேறிக்கொண்டு, உள்ள போங்க, உள்ள போங்க, வழியில நிக்காதீங்க என்று பழைய குரலில் எல்லோரையும் முன்னறைக்கு நகர்த்தினார். போகிற போக்கில் கதிர்வேலின் முதுகில் ஒரு தட்டு தட்டினார். கொஞ்சம் பலமாகவே தட்டினார்.

ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அன்பரசு வேனில் வரவில்லை, முதல் பஸ்ஸில் வந்தான். எழிலரசி இரண்டு அண்டா நிறைய வெந்நீர் வைத்திருந்தாள். மருமகனும் மகனும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி, கொல்லைப்புறத்தில் வெயில் விழுகிற இடத்தில் கைவைத்த நாற்காலியில் ஞானசேகரனை உட்கார வைத்தார்கள். பதினாலு மாதத்துக்குப் பிறகு முழுக் குளியல். அன்பரசுவுக்கு முதலில் கை கூசியது. எங்கே தொடலாம், எங்கே வலிக்கும் என்று தெரியவில்லை. கதிர்வேல் பக்கத்தில் நின்று, இடது பக்கம் அழுத்தாதீங்க மச்சான், கழுத்துக்குப் பின்னால தண்ணிய மெதுவா விடுங்க என்று சொல்லிக்கொடுத்தான். அப்புறம் துண்டை வைத்துக்கொண்டு நிற்பதைத் தவிர அவனுக்கு வேலை இல்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஞானசேகரன் கண்ணில் சோப்புப் போகிறது என்று வைதார். காதுக்குப் பின்னால் தேய்க்கவில்லை என்று வைதார். சுற்றுச்சுவருக்கு மேல் ரேகாவின் தலை தெரிந்ததும், இங்க என்னா ஓசிப் படமா ஓடுது என்று அவளையும் வைதார். அன்பரசு சட்டையெல்லாம் நனைந்து, சிரித்துக்கொண்டே தேய்த்தான். தண்ணீர் தீர்ந்துபோய் அன்பரசு அவர் தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போது, ஞானசேகரன் நிமிராமலே, "அடுத்த ஞாயித்துக்கிழமை?" என்று கேட்டார்.

"வரேம்பா."

"நேரமே வா. நீ லேட்டா வந்தா மாப்ள ஊத்திடுவான்."

"நான் ஊத்த மாட்டேன் மாமா" என்றான் கதிர்வேல்.